பழைய கார், குறைந்த ஓட்டம்: கியர் ஒயிலை மாற்றுவதா, விடுவதா?

எங்களிடம் இருப்பது 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா கொரோலா 121, ஒட்டோ கியர். மட்டக்களப்பு நகருக்குள் வேலைக்கும் சந்தைக்கும், கல்லடிப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடி வரைக்கும், எப்போதாவது மலைநாட்டுக்கும் என்ற அளவிலேயே அது ஓடுகிறது. 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றானபோது அந்த ஓட்டமும் சுருங்கியது. நெருக்கடி தணிந்த பின் வாகனத்தை முழுமையாகப் பார்க்க முற்பட்டபோது வயது இருபதை நெருங்கியிருந்தது. மீற்றரோ எண்பதாயிரம் கிலோமீற்றரைத் தொடவில்லை. கியர் ஒயில் ஒரு தடவையாவது மாற்றப்பட்டதற்கான சீட்டு எதுவும் முந்திய உரிமையாளர் தந்த ஆவணங்களில் இருக்கவில்லை.

கேட்ட இடமெல்லாம் வெவ்வேறு பதில்கள் கிடைத்தன. “நூறாயிரம் ஓடட்டும் தம்பி, பிறகு பாப்பம்” என்றார் எங்கள் வழக்கமான மெக்கானிக் அண்ணன். பழைய ஒயிலைக் கழற்றினால் கியர் வழுக்கத் (எஞ்சின் இரைந்தும் வாகனம் சரியாக இழுக்காமல் போகத்) தொடங்கிவிடும், தொடாமல் விடுவதே நல்லது என்றார் இன்னொருவர். இரண்டாவது எச்சரிக்கையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் ஓர் உண்மை இருக்கிறது. பல இலட்சம் கிலோமீற்றர் ஓடி, கிளட்ச் தட்டுகள் தேய்ந்து, ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிய கியர் பொக்ஸுக்குக் கடைசி நேரத்தில் ஒயில் மாற்றுவார்கள். சில நாளில் அது அடியோடு நின்றுவிடும். பழி புதிய ஒயிலின் மேல் விழும். ஆனால் எண்பதாயிரத்துக்குள் ஓடிய கியர் பொக்ஸில் தட்டுகள் பெரும்பாலும் நல்ல தடிப்போடுதான் இருக்கும். ஆகவே அந்தப் பயம் மிகக் குறைவாகப் பொருந்துவது எங்களுடையதைப் போன்ற வாகனங்களுக்குத்தான் என்ற முடிவுக்கு வந்தேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கியர் ஒயிலின் முதல் எதிரி வெப்பம். குறைவாக ஓடிய வாகனத்தில் அது குறைவாகவே சூடேறியிருக்கும் என்பதால் குறைந்த ஓட்டம் ஒயிலுக்குச் சாதகமானதே. எனினும் கியர் பொக்ஸ் முற்றாக அடைக்கப்பட்ட பெட்டியல்ல. சூடேறி ஆறும்போது அது சிறு காற்றுத் துவாரம் வழியாக மூச்சு விடுகிறது; வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் எங்களுக்கு அந்தக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சந்தைக்குப் போய்த் திரும்பும் குறுகிய ஓட்டத்தில் ஒயில் போதிய சூட்டை எட்டாததால், உட்புகும் ஈரம் ஆவியாகி வெளியேறவும் வழியில்லை. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏ.சி.யோடு நெரிசலில் நிற்பது வேறு.

முடிவெடுக்க உதவியது ஒயில் பார்க்கும் கம்பிதான். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பரவ விட்டேன். புதிய ஒயில் தெளிந்த சிவப்பு. இதுவோ கடும் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருந்தது. ஆனால் கருகிய மணம் இல்லை, விரலிடையே தேய்த்தபோது மணல் போன்ற உறுத்தலும் இல்லை. களைத்த ஒயில், கெடாத கியர் பொக்ஸ் என்று அதை வாசித்தேன். காத்திருக்க இனிக் காரணமில்லை.

மெஷின் வைத்து முழு ஒயிலையும் அழுத்தத்தோடு தள்ளி மாற்றும் முறையை நான் விரும்பவில்லை. வடித்து நிரப்புவதே போதும். இந்தக் கியர் பொக்ஸ் மொத்தமாக ஏறத்தாழ 7 லீற்றர் கொள்ளும். ஒயில் வடிக்கும் நட்டைக் கழற்றினால் ஏறத்தாழ 3 லீற்றர்தான் வரும், மீதி எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். எனவே ஒரு தடவை மாற்றினால் பாதிக்கு மேல் பழையது. இடையிடையே ஓடவிட்டு மூன்று தடவை செய்தால் ஐந்தில் நான்கு பங்கு புதியது. முதல் தடவையிலேயே அடித்தட்டையும் கழற்றச் சொன்னேன். உள்ளே இருந்த காந்தங்களில் மை போன்ற சாம்பல் நிறப் பசை மட்டுமே ஒட்டியிருந்தது. அது வழமையான தேய்மானம். செதிலாகவோ முள்ளாகவோ இரும்பு கிடந்திருந்தால் கதை வேறு.

ஒயில் வகையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இதற்கு டொயோட்டா சொல்வது டைப் டீ-ஃபோர் என்ற ஒயில். பின்னர் வந்த டபிள்யூ.எஸ். என்ற வகை அதைவிட மெல்லியது, ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது. “ரெண்டும் ஒண்டுதான் சேர்” என்று கடையில் சொன்னாலும் ஏற்க வேண்டாம். வடிந்ததை அளந்து அதே அளவை ஊற்றி, சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கி, எஞ்சின் இயங்கும்போதே கியரை எல்லா நிலைக்கும் நகர்த்தி மீண்டும் ‘பீ’யில் (நிறுத்தும் நிலையில்) வைத்துக் கம்பியின் சூட்டுக் குறியில் மட்டம் பார்க்க வேண்டும். கூடினாலும் கேடுதான்.

மாற்றத் தொடங்கி மூன்று வருடங்கள் கடந்துவிட்டன. காலையில் பின்னோக்கி எடுக்க ‘ஆர்’ போடும்போது கேட்ட மெல்லிய இடி, இரண்டாவது மாற்றத்தோடு ஏறக்குறைய மறைந்தது. செங்கலடியிலிருந்து பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்கு ஏறும்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே இருந்த தயக்கமும் குறைந்திருக்கிறது. எரிபொருள் செலவில் எந்த வித்தியாசமும் இல்லை. வழுக்கலும் இல்லை, கசிவும் இல்லை. துணியில் சொட்டு இப்போதும் சிவப்பாகவே விழுகிறது.

இரண்டு நிலைமைகளில் மட்டும் இந்த யோசனைக்கெல்லாம் இடமில்லை. ஒயில் இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால் றேடியேட்டருக்குள் இருக்கும், கியர் ஒயிலைக் குளிர்விக்கும் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கக்கூடும். ஒயிலோடு அதையும் பார்க்க வேண்டும். 2011 ஜனவரியில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் கியர் பொக்ஸ் மூழ்க வாகனம் நின்றிருந்தால், மீற்றர் எதைக் காட்டினாலும் எஞ்சினை இயக்காமல் கராஜுக்கு இழுத்துச் சென்று முதலில் ஒயிலை வடிக்கச் சொல்லுங்கள்.