எர்பியக் கண்ணாடியில் ஒளிப் பெருக்கி: உப்புக் குளியலா, புரோட்டான் கற்றையா?

கண்ணாடி இழையில் போகும் ஒளிச் சைகை மங்கும்போது அதை வலுவாக்குவது ஃபைபர் பெருக்கி. அதில் எர்பியம் (வெளியிலிருந்து வாங்கிய ஆற்றலை ஒளிச் சைகைக்குக் கொடுக்கும் அருமண் தனிமம்) கலந்த இழை மீட்டர் கணக்கில் நீளும். அதே வேலையைச் சில சென்டிமீட்டர் சில்லுக்குள் முடிக்க எர்பியத்தை நிறையத் திணிக்க வேண்டும். வழக்கமான இழைக் கண்ணாடியான சிலிக்காவில் திணித்தால் அயனிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, வாங்கிய ஆற்றலைத் தங்களுக்குள்ளேயே வீணடித்துவிடும். பாஸ்பரஸ் சேர்ந்த பாஸ்பேட் கண்ணாடி அவ்வளவு எர்பியத்தைத் தாங்கும். சரி, அதற்குள் ஒளி போகும் பாதையை எப்படிப் போடுவது?

பழகிய வழி அயனிப் பரிமாற்றம். பாதை வேண்டிய இடங்களை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடும் மறைப்பு போட்ட கண்ணாடியை வெள்ளி நைட்ரேட் கலந்த உருகிய உப்பில் முக்கினால் சோடியம் வெளியேறி வெள்ளி உள்ளே வரும், அந்த இடத்தில் ஒளிவிலகல் எண் ஏறும்; சுற்றிலும் விட எண் கூடிய அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒளி அடங்கிப் போகும். ஒரே முக்கில் தகடு முழுக்கப் பாதைகள் தயார், செலவும் குறைவு; பிரான்சில் கிரெனோபிள் அருகே உள்ள டீம் ஃபோட்டானிக்ஸ் இந்த வழியில்தான் பெருக்கிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் பாஸ்பேட் சூடான உப்புக்கு அவ்வளவாக ஈடுகொடுக்காது, மேற்பரப்பு அரிக்கும். வெள்ளி உலோகத் துகளாகத் திரண்டுவிட்டால் கண்ணாடி மஞ்சளாகி ஒளியைத் தின்னும். பாதையை ஆழத்தில் புதைக்க வேண்டுமா, மின்புலம் வைத்து இன்னொரு கட்டம்.

இன்னொரு வழி, வேகமாகப் பாயும் புரோட்டான் கற்றையைப் பேனாபோல நகர்த்திக் கண்ணாடிக்குள் பாதையை எழுதுவது. இதில் குளியலும் இல்லை, மறைப்பும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது புரோட்டான் நிற்கும் விதம்: போகிற வழியில் எலக்ட்ரான்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை இழந்து, கிட்டத்தட்ட நேர்கோட்டிலேயே போய், கடைசி சில மைக்ரானில்தான் அணுக்களை மோதி இடம் மாற்றுகிறது, ஆகவே ஒளிவிலகல் எண் அங்கேதான் அதிகம் ஏறுகிறது. புதைந்த பாதை ஒரே கட்டத்தில் கிடைத்துவிடும், கற்றையின் ஆற்றலை மாற்றினாலே ஆழமும் மாறும். 2004இல் சிங்கப்பூர், ஹாங்காங் ஆய்வாளர்கள் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் கற்றையால் எர்பியத்தோடு, அதற்கு ஆற்றலை வாங்கிக் கொடுக்கும் இட்டர்பியமும் கலந்த பாஸ்பேட் கண்ணாடியில் இப்படி எழுதி, 1.534 மைக்ரானில் சென்டிமீட்டருக்குச் சுமார் 1.72 டெசிபெல் பெருக்கம் காட்டினார்கள். குறை என்னவென்றால் புரோட்டானை வேகப்படுத்தும் முடுக்கி வேண்டும், கோடு கோடாக எழுத நேரம் பிடிக்கும். மிக மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி விடும் ஃபெம்டோசெகண்ட் லேசரும் மறைப்பில்லாமல் எழுதும், முடுக்கியும் வேண்டாம். அதுவும் ஒவ்வொரு கோடாகத்தான்.

ஆயிரம் சில்லு வேண்டுமென்றால் உப்புதான். புதுக் கலவைக் கண்ணாடியைச் சோதிக்கிறவருக்கு நான் புரோட்டானைத்தான் சொல்வேன், ஒவ்வொரு கலவைக்கும் புது உப்புச் செய்முறை தேடி மாதங்களைக் கரைக்க வேண்டியதில்லை.

அப்புறம், எர்பியத்தையே கற்றையால் உள்ளே செலுத்துவது வேறு வேலை. சுவிட்சர்லாந்தின் லோசானில் 2022இல் சிலிக்கன் நைட்ரைடு பாதைகளில் அப்படிச் செலுத்தி 30 டெசிபெலுக்கு மேல் பெருக்கம் எடுத்தார்கள். அங்கே பாதை ஏற்கெனவே செதுக்கி வைத்தது, கற்றை எதையும் கோடு கோடாக எழுத வேண்டியிருக்கவில்லை.