கட்டம் போட்ட 12 ஷீட்டும் 40 கிலோ கருங்கல்லும்: ஏழு மாசம் யூஸ் பண்ணி பாத்த ரிவ்யூ

ஆப்பிரிக்காவுல இருக்கிற மலாவி ஏரியோட சிக்லிட் மீன் வளர்க்கிறவங்களுக்கு கல் இல்லாம டேங்க் கிடையாது. யெல்லோ லேப், டெமசோனி, ரஸ்டி எல்லாமே அந்த ஏரியோட பாறை இடுக்குல வாழ்ற மீனுங்க, இந்த வகைய ம்புனான்னு சொல்லுவாங்க, அந்த பேருக்கே அந்த ஊர் டோங்கா பாஷைல பாறை மீனுன்னு தான் அர்த்தம். அதனால கல்ல கம்மி பண்ணுங்கன்னு சொல்றது இதுங்களுக்கு தீர்வே இல்ல, கல் குத்தி உடையாம அடி கண்ணாடிய எப்படி காப்பாத்துறதுன்னு தான் பாக்கணும். அதுக்கு நான் வாங்கினது தான் இந்த கட்டம் போட்ட பிளாஸ்டிக் ஷீட், இப்ப ஏழு மாசம் ஆச்சு.

முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன், அப்ப தான் ஏன் இவ்ளோ தீவிரமா எழுதுறேன்னு புரியும். பழைய 3 அடி டேங்க்ல முதல்ல மணல் கொட்டிட்டு அது மேல கல் அடுக்கி வச்சிருந்தேன், பாக்க அழகா இருந்துச்சு, ஆனா இந்த மீனுங்க ராத்திரி பகலா வாயால மணல அள்ளி அள்ளி துப்பும்ல, கொஞ்சம் கொஞ்சமா ஒரு பெரிய கல்லுக்கு அடியில குழி விழுந்திருக்கு, ஒரு நாள் காலைல எந்திரிச்சு பாத்தா கல்லு சாஞ்சு அதோட மூலை நேரா கண்ணாடில குத்தி நிக்குது, ஸ்டாண்டுக்கு கீழ தண்ணி, அடில ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். பக்கெட்டுல மீன புடிச்சு போட்ட அவசரத்துல வாய்ல குஞ்சு வச்சிருந்த (இதுங்க குஞ்ச வாய்க்குள்ள வச்சு தான் காப்பாத்தும்) தாய் மீன் ஒண்ணு மொத்தத்தையும் துப்பிருச்சு, அந்த குஞ்சுங்க ஒண்ணு கூட தப்பல. டேங்க் போனத விட அது தான் இன்னிக்கும் மனசுல நிக்குது.

நிறைய பேர் கேக்கறது "கல்லோட வெயிட்ட கண்ணாடி தாங்குமா"ன்னு. வெயிட் பெரிய விஷயமே இல்லங்க. 4 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி டேங்க்ல தண்ணியே 250 கிலோ கிட்ட வரும், அது அடி கண்ணாடி முழுக்க சமமா உக்காருது, கண்ணாடி சும்மா தாங்குது. ஆனா 8 கிலோ கல்லு ஒண்ணு மிளகு சைஸ் மூணு புள்ளில மட்டும் நின்னா அந்த புள்ளில விழுற அழுத்தம் தண்ணியோட அழுத்தத்த விட சில நூறு மடங்கு அதிகம். கண்ணாடி உடையறதே கண்ணுக்கு தெரியாத சின்ன கீறல்ல இருந்து தான் ஆரம்பிக்கும், கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு கூரான மணல் பருக்கை மாட்டினா அந்த கீறல நாமளே போட்டு குடுத்த மாதிரி. இன்னொன்னு, கருங்கல் தண்ணிக்குள்ள வெயிட் குறையும், 40 கிலோ கல் 25 கிலோ மாதிரி தான் அழுத்தும், ஆனா செட்டப் பண்ணும்போது டேங்க் காலியா இருக்கும், அப்ப முழு 40ம் கண்ணாடி மேல தான். கை தவறுனா கல் வேகமா விழறதும் அப்ப தான். அதனால முதல் நாள் தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்.

சரி, ஷீட்டுக்கு வரேன். ஆபீஸ் சீலிங்ல ட்யூப் லைட்டுக்கு கீழ கட்டம் கட்டமா ஒரு வெள்ளை ஜாலி பாத்திருப்பீங்க, அதே டைப், எக் க்ரேட்னு சொல்லுவாங்க. நம்ம ஊருல பெரிய ஷீட்டா தேடினப்ப எனக்கு கிடைக்கல, சென்னை கொளத்தூர்ல ரெண்டு மூணு மீன் கடை ஏறி இறங்கினேன், ஒருத்தர் டேங்க நடுவுல பிரிக்கற டிவைடருன்னு சின்ன பீஸ் எடுத்து காட்டினாரு, 30க்கு 15 சென்டிமீட்டர், ஒண்ணோட ஒண்ணு க்ளிப் போட்டு மாட்டிக்கலாம். என் 4 அடி டேங்குக்கு 12 பீஸ் கணக்கு வந்துச்சு. உள் அளவு கண்ணாடி தடிமன் போக கொஞ்சம் கம்மியா இருக்கும், அதனால ஓரத்து பீஸ வெட்டித்தான் ஆகணும், சின்ன கட்டிங் ப்ளையர் போதும், ஆனா இந்த பிளாஸ்டிக் படக்கு படக்குன்னு தெறிக்கும், கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கிட்டு வெட்டுங்க. வெட்டின முனைய ஒரு தடவ அரம் வச்சு தேச்சுடுங்க, மீனு உரசும்.

சிலிக்கான் ஒட்டின மூலை வரைக்கும் தள்ளாதீங்க, மூணு பக்கமும் 2 சென்டிமீட்டர் விட்டேன், முன்பக்கம் மட்டும் 5 விட்டேன், இல்லனா முன் கண்ணாடி வழியா வெள்ளை கட்டம் பல்லு மாதிரி தெரியும். கண்ணாடிய நல்லா துடைச்சு ஒரு பருக்கை மணல் கூட இல்லாம பாத்துட்டு ஷீட்ட வச்சேன், அது மேல நேரடியா கல்லு, பெருசு அடியில, ஒவ்வொண்ணையும் கையால ஆட்டி பாத்து, ஆடாம உக்காந்த பிறகு தான் அடுத்தது. மணல் கடைசில. இந்த வரிசை தான் முக்கியம், மணல் மேல ஷீட் வச்சு அதுக்கு மேல கல்லு வச்சா மீன் தோண்டுனதும் பழைய கதை தான்.

எனக்கு ரொம்ப புடிச்சது கல்லோட கால் கட்டத்துக்குள்ள கவ்விக்குது. வழுக்காது. ஏழு மாசத்துல டெமசோனி ஒரு பக்கம் மணல மொத்தமா வாரி போட்டு ஷீட்டே வெளிய தெரியுற அளவுக்கு தோண்டிருச்சு, ஆனா ஒரு கல்லு கூட அசையல. தண்ணில மிதக்காது, மேல வராது. வாசனை, கலர் இறங்கறது எதுவும் இல்ல.

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். கட்டத்துக்குள்ள அழுக்கு சேருது, முதல்லயே ஒவ்வொரு கட்டத்துலயும் மணல் நிறைய விழற மாதிரி கையால தட்டி தட்டி நிரப்பிடணும், நான் பாறை குவியலுக்கு அடியில அத ஒழுங்கா பண்ணல, இப்ப அங்க மீன் கழிவு போய் உக்காருது, அழுக்க உறிஞ்சி எடுக்கிற சைஃபன் குழாய் கட்டத்துல முட்டி நிக்குது, உள்ள போகல. அப்புறம் வெள்ளை கலர், மீன் தோண்டி வெளிய தெரிஞ்சா கண்ண உறுத்துது. க்ளிப்பும் அவ்ளோ உறுதி இல்ல, கல்லோட வெயிட்டே புடிச்சுக்கும்ங்கிறதால நான் பாதி க்ளிப் போடவே இல்ல.

மத்ததையும் பாத்துட்டு தான் இதுக்கு வந்தேன். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடைல கிடைக்கிற சன்பேக் ஷீட் ரொம்ப சீப், ஆனா உள்ள இருக்கிற குழல்ல காத்து நிக்கும், மேல மிதந்து வரும், கூரான கல்லு வச்சா குழல் நசுங்கி அந்த இடத்துல வெறும் ரெண்டு மெல்லிசு தாள் தான் மிஞ்சும். லாவா ராக் மாதிரி லேசான கல்லு வச்ச சின்ன டேங்குக்கு அது போதும்னு நினைக்கிறேன். யோகா மேட்ட வெட்டி போடுறவங்க இருக்காங்க, நானும் ஒரு துண்டு வச்சு பாத்தேன், கல் மூலை பட்ட இடத்துல அப்படியே தட்டையா அமுங்கிடுச்சு, கீழ தண்ணி தேங்கி ரெண்டு வாரத்துல கருப்பா நாத்தம், எடுத்து போட்டுட்டேன். தெர்மாகோல் டேங்குக்குள்ள வேணவே வேணாம், மிதக்கும், மீன் கொத்தி கொத்தி வெள்ளை மணி மணியா தண்ணி முழுக்க சுத்தும். டேங்குக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல நாம போடுற தெர்மாகோல் வேற, அது ஸ்டாண்ட்ல இருக்கிற மேடு பள்ளத்துக்கு, கட்டாயம் போடுங்க, ஆனா "கீழ தெர்மாகோல் இருக்கே"ன்னு உள்ள ஷீட் போடாம விட்டுடாதீங்க, உள்ள கல்லு விழுந்து குத்துறத அது தடுக்காது. என் பழைய டேங்க்லயும் கீழ தெர்மாகோல் இருந்துச்சு.

இந்த ஷீட் போட்டா உயரத்துல இருந்து கல்லு விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சு வாங்காதீங்க, ஒரு அடி மேல இருந்து 5 கிலோ கல்லு விழுந்தா இந்த பிளாஸ்டிக் நொறுங்கிடும், கண்ணாடிக்கும் கேரண்டி கிடையாது. மெதுவா வைக்கிற கல்லோட மூலைய பிரிச்சு வாங்கறதுக்கும், வழுக்காம புடிக்கறதுக்கும், கீறல் விழாம தடுக்கறதுக்கும் தான் இது. அந்த வேலைய சரியா செய்யுது. அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒண்ணு அழுக்குக்காக குறைச்சது.

குஞ்சுங்களுக்குன்னு 2 அடிக்கு 1 அடில ஒரு டேங்க் போடப்போறேன், அதுக்கு நாலு பீஸ் வேணும், இந்த தடவ கருப்பு கலரா தேடிட்டு இருக்கேன். சென்னைல எங்கயாவது கருப்பு பாத்தீங்கன்னா கடை எந்த ஏரியான்னு மட்டும் சொல்லுங்க, நானே நேர்ல போய் வாங்கிக்கறேன்.