கஞ்சாவும் பதற்றமும்: பேச்சுச் சிகிச்சையில் என் அனுபவம்

கஞ்சாவை நெடுங்காலம் பயன்படுத்தியவர்கள் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பேச்சுச் சிகிச்சைக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் இரண்டையும் சேர்த்தே பார்க்கும் ஆலோசகரிடம் போங்கள். கல்லூரியில் தொடங்கிய பழக்கம், சென்னை பெருங்குடியில் வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாவற்றோடும் கூடவே வந்த ஒருவனாக இதைச் சொல்கிறேன்.

முதலில் போன இடத்தில், "கஞ்சாவை விட்டுவிட்டு வாருங்கள், மனச்சோர்வை அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். பதற்றம் தாங்காமல் புகைப்பவனிடம் இப்படிச் சொன்னால் அவன் எங்கே போவான்? இதைக் கேட்டுப் படியிறங்கிப் போனவர்களை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அடையாறில் பிறகு பார்த்த உளவியலாளர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "கஞ்சா உங்களுக்கு என்ன தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது?" என்றுதான் கேட்டார். மகளுக்குக் கதை சொல்லும்போது பாதியில் கதை மறந்துபோகிறது என்று சொன்னேன். அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. விடுவதற்கான காரணத்தை நம் வாயிலிருந்தே வரவழைக்கும் இந்த முறையை, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் குடிப்பழக்கம் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதினார்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். எனக்கு மிகவும் உதவியது அதுதான். நேரம், நடந்தது, மனதில் ஓடியது, பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். ஒரு பதிவு: "மாலை 6.30. 'நாளை பேசலாம்' என்று மேலாளரிடமிருந்து செய்தி. வேலை போகப்போகிறது. 80." மறுநாள் அதன் கீழேயே எழுதினேன்: "விடுப்புப் பட்டியல் கேட்டார்." இப்படிப் பக்கங்கள் சேர்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒன்றுமே நடக்காத ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே மாலை நேரத்தில் எண் ஏறியிருந்தது. வழக்கமாகப் புகைக்கும் நேரம் நெருங்கும்போது எழும் வேட்கையும் அதில் கலந்திருக்கிறது என்று அவர் விளக்கினார்.

நிறுத்துவதற்கு முன்பே, வரப்போவதைச் சொல்லிவைத்தார். எரிச்சல், பதற்றம், பசியின்மை, தூக்கமின்மை, விசித்திரக் கனவுகள். ஓரிரு நாளில் தொடங்கும், முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தூக்கம் மட்டும் சரியாக நாளாகலாம். அப்படியேதான் நடந்தது. முன்பே தெரிந்திருந்ததால், நோய் முற்றிவிட்டது என்று பயந்து மறுபடி கஞ்சாவைத் தேடவில்லை.

மனச்சோர்வுக்கு அவர் கொடுத்தது மிக எளிமையானது: மனம் வருகிறதோ இல்லையோ, விடிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்க வேண்டும். முதலில் சலித்துக்கொண்டே போனேன். பலன் மெதுவாகத்தான் தெரிந்தது.

கஞ்சா சார்புக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை என்பதால் பேச்சுச் சிகிச்சையே இங்கே பிரதானம். அமெரிக்காவில் 450 பேரை வைத்து நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், இரண்டு அமர்வுகளைவிட ஒன்பது அமர்வுகள் கூடுதல் பலன் தந்தன. எனவே இரண்டு முறை போய்விட்டு 'வேலைக்கு ஆகவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள்.

குறை என்றால் செலவுதான். என் காப்பீட்டில் வெளிநோயாளி ஆலோசனைக்கு இடமில்லை, எல்லாம் கைக்காசு. இன்னொன்று: காதில் குரல் கேட்பது, எல்லோர்மீதும் சந்தேகம் வருவது போன்றவை இருந்தால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பணம் தடையென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.