எஸ்.ஏ.ரி.யா, ஏ.சி.ரி.யா: திருகோணமலையில் தமிழ்மொழி மூலம் படிப்பவருக்கு எது பொருந்தும்?

எஸ்.ஏ.ரி.யும் ஏ.சி.ரி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்காக ஆங்கிலமும் கணிதமும் சோதிக்கும் தேர்வுகள். இரண்டில் எதை எழுதினாலும் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பொதுவாகச் சமமாகவே ஏற்கின்றன. ஆகவே எது பெரிய தேர்வு என்ற விவாதத்தை விட்டுவிடலாம். எதில் உங்களுக்குப் புள்ளி கூட வரும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், தேர்வு தேவையா என்று உறுதி செய்யுங்கள். எம்.ஐ.ரி. 2022இலும் ஹார்வர்ட் 2024இலும் இதை மீண்டும் கட்டாயமாக்கின. கலிபோர்னியா மாநிலத்தின் யூ.சி. பல்கலைக்கழகங்களோ புள்ளியைப் பார்ப்பதே இல்லை. பிரித்தானியாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போக நினைப்பவருக்குப் பெரும்பாலும் உயர்தரப் பெறுபேறும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். போன்ற ஓர் ஆங்கிலத் தேர்வும் போதும். அவர்கள் இந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை.

எஸ்.ஏ.ரி. 2 மணி 14 நிமிடம். ஆங்கிலத்தில் 64 நிமிடத்துக்கு 54 கேள்விகள், கணிதத்தில் 70 நிமிடத்துக்கு 44 கேள்விகள். மொத்தப் புள்ளி 1600, அதில் சரிபாதி கணிதம். 2025 செப்ரெம்பரிலிருந்து வெளிநாட்டு மாணவருக்கும் வந்துள்ள புதிய ஏ.சி.ரி.யில் ஆங்கிலம் 35 நிமிடத்துக்கு 50, கணிதம் 50 நிமிடத்துக்கு 45, வாசிப்பு 40 நிமிடத்துக்கு 36. விஞ்ஞானப் பகுதி விருப்பத்துக்குரியது. மூன்று பகுதிகளின் சராசரியே 36க்கு உட்பட்ட மொத்தப் புள்ளி. அதாவது அங்கே கணிதத்தின் பங்கு மூன்றில் ஒன்றுதான். இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு கணக்கே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

வேகமும் எஸ்.ஏ.ரி. பக்கம்தான் சாய்கிறது. ஆங்கிலக் கேள்வி ஒன்றுக்கு எஸ்.ஏ.ரி. ஏறத்தாழ 71 செக்கன் தருகிறது, ஏ.சி.ரி.யின் ஆங்கிலப் பகுதி 42 செக்கன்தான் தருகிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் விடை தேடுபவருக்கு அந்த அரை நிமிடம் பெரிய வித்தியாசம்.

ஆனால் வாசிப்பில் ஏ.சி.ரி.க்கு ஒரு நன்மை உண்டு. எஸ்.ஏ.ரி.யில் ஒவ்வொரு கேள்விக்கும் புதுப் பந்தி: 25 முதல் 150 சொற்கள், இப்போது தாவரவியல், அடுத்தது 19ஆம் நூற்றாண்டுக் கதைத்துண்டு. சொற்களும் கடினமானவை. ஏ.சி.ரி.யில் ஒரு நீண்ட பந்தியைப் புரிந்துகொண்டால் ஒன்பது கேள்விகளுக்கு அது உதவும். சிறு வயதிலிருந்து ஆங்கிலக் கதைப்புத்தகம் வாசித்து வந்த, ஆனால் கணிதத்தில் தயங்கும் உயிரியல் பிரிவு மாணவிக்கு நாம் ஏ.சி.ரி.யையே சொல்வோம். அதன் விஞ்ஞானப் பகுதியை எடுத்தாலும் பயப்பட வேண்டாம்; அதில் கேட்கப்படுவது பெரும்பாலும் வரைபும் அட்டவணையும் வாசிக்கும் திறமைதான்.

கணிதத்தில் நம் பிள்ளைகள் புள்ளி இழக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது கலைச்சொல். இடை, இடையம், ஆகாரம் என்று படித்தவர் மீன் (mean), மீடியன் (median), மோட் (mode) என்று கண்டதும் ஒரு கணம் தடுமாறுகிறார். குணகம், வெட்டுத்துண்டு, பல்லுறுப்பி, சமனிலி என ஓர் அறுபது சொல்லைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொப்பியில் நேருக்கு நேர் எழுதிப் பாடமாக்குங்கள். ‘குறைந்தது’, ‘மிஞ்சாமல்’ என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடர்களையும் சேருங்கள். சமனிலிக் குறியைத் திருப்பிப் போடவைப்பவை அவைதான். இரண்டாவது கணிப்பான். உயர்தர இணைந்த கணிதத்தில் அதற்கு இடமில்லாததால் எல்லாவற்றையும் கையால் சுருக்கும் பழக்கம் ஊறிவிட்டது. எஸ்.ஏ.ரி. செயலிக்குள்ளேயே டெஸ்மோஸ் வரைபுக் கணிப்பான் இருக்கிறது. இரண்டு சமன்பாடுகளை உள்ளிட்டு வெட்டும் புள்ளியைத் தொட்டால் விடை வந்துவிடும். பத்து வரி எழுதி இரண்டு நிமிடம் தொலைக்கத் தேவையில்லை. ஏ.சி.ரி.யில் சூத்திரப் பட்டியல் தரமாட்டார்கள், மடக்கையும் தாயமும் வரலாம். இணைந்த கணிதக்காரருக்கு அது சுமையல்ல.

ஆங்கில இலக்கணத்தில் அதிகம் கவனிக்க வேண்டியவை இவை: இரண்டு முழு வசனங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவது, அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் வேறுபாடு தெரியாமல் இருப்பது, ஒருமை எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே பன்மைப் பெயர்கள் புகுந்ததும் வினையைப் பன்மையாக்குவது. மூன்றாவது நமக்கு இயல்பாகவே வரும் பிழை, ஏனெனில் தமிழில் வினை கடைசியில் நிற்கும். ஆங்கில வசனத்தில் முதலில் வினையைக் கண்டுபிடித்து, பிறகு “யார், எது?” என்று பின்னோக்கிக் கேட்டு எழுவாயைப் பிடியுங்கள். தினம் பத்து வசனம், மூன்று வாரம்.

எஸ்.ஏ.ரி.யில் ஒரு பொறி: ஒவ்வொரு பாடமும் இரண்டு பகுதி. முதல் பகுதியில் சறுக்கினால் இரண்டாவது இலகுவாக வரும். ஆனால் உச்சப் புள்ளி கைக்கு எட்டாது. முதல் பகுதியில் அவசரம் வேண்டாம். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

கருவி விடயத்தில் ஏ.சி.ரி. சுலபம்: நிலையத்துக் கணினியிலேயே எழுதலாம். எஸ்.ஏ.ரி.க்கு மடிக்கணினியோ ஐபாடோ நீங்களே கொண்டுபோக வேண்டும், கைத்தொலைபேசி செல்லாது. இல்லாதவர் தேர்வுக்கு 30 நாளுக்கு முன்பே இரவல் கேட்டு விண்ணப்பிக்கலாம். எஸ்.ஏ.ரி. எழுதும் செயலியான புளூபுக்கை முன்கூட்டியே நிறுவி, தேர்வுக்கு முந்திய ஐந்து நாட்களுக்குள் அதில் ஆயத்தப் படிகளை முடித்து அனுமதிச் சீட்டை எடுங்கள். மின்கலம் மூன்று நான்கு மணி நேரம் தாங்காவிட்டால் வேறு கருவி தேடுங்கள். மின்செருகி கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பதிவின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். தந்தை பெயர் முன்னாலா பின்னாலா என்ற குழப்பம் நம்மவருக்குத்தான் அதிகம். கட்டணம் வெளிநாட்டவருக்கு எஸ்.ஏ.ரி.யிலேயே 100 டொலரைத் தாண்டும், ஏ.சி.ரி. அதைவிடக் கூட. வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்து வையுங்கள்.

காலம் பார்த்துப் பதியுங்கள். 2024, 2025 இரண்டு ஆண்டும் நவம்பரில் தொடங்கிய உயர்தரப் பரீட்சை வெள்ளத்தால் இடையில் நின்று தள்ளிப்போனது. மாரி மாதங்களில் எஸ்.ஏ.ரி.யையும் போட்டு வைத்தால் இரண்டும் மோதும். 12ஆம் தரத்தில் மே அல்லது ஜூன் அமர்வை எடுங்கள். உயர்தரத்துக்கு முந்திய மூன்று மாதத்தை இதற்குக் கொடுக்காதீர்கள்.

முடிவெடுக்க மலிவான வழி, பணம் கட்டும் முன் இரண்டு சனிக்கிழமை காலையில் இரண்டின் இலவச மாதிரித் தேர்வையும் நேரம் வைத்து எழுதிப் பார்ப்பது. எஸ்.ஏ.ரி. 1200 ஏறத்தாழ ஏ.சி.ரி. 25க்குச் சமம், 1400 என்றால் 31. எது மேலே நிற்கிறதோ அதையே பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வாரம் படியுங்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பது உயர்தரத்தைத்தான் தின்னும். நிலையம் கொழும்பில் கிடைத்தால் வெள்ளி இரவு பஸ் ஏறி அதிகாலை புறக்கோட்டையில் இறங்கித் தேர்வுக்கு ஓடாதீர்கள். எஸ்.ஏ.ரி. நிலையக் கதவு 8 மணிக்கு மூடும். வெள்ளி மாலையே போய்ச் சேர்ந்து, நிலையத்தின் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.