புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் எங்கள் கல்யாணப் படங்கள்: எடுத்த குழுவைப் பற்றி

வைகாசியில் கல்யாணம். அதற்கான படங்களைச் சிங்கப்பூரின் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் பிப்ரவரியிலேயே எடுத்துவிட்டோம், ஆல்பமும் போன வாரம் கைக்கு வந்துவிட்டது. தீம் வைத்துக் கல்யாணப் படம் எடுக்க நினைக்கும் நம் பெண்கள் பலர் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தட்டச்சு செய்து மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். குழுவின் பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். மொத்தமே மூன்று பேர்தான்: படம் எடுக்கும் அண்ணன், உடையும் மேக்கப்பும் பார்க்கும் அக்கா, ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தை முகத்தின் பக்கம் திருப்பிவிடும் தட்டி) தூக்கிக்கொண்டு நாள் முழுக்க ஓடிய தம்பி ஒருவர்.

இவர்களிடம் வருவதற்கு முன்னால் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்குப் போனோம். ஏசி அறை, குடிக்க ஜூஸ், மேசையில் தடித்த ஆல்பம். அதைப் புரட்டி ஒரு தீம் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அரண்மனை, கடற்கரை, பாரிஸ் தெரு, பாலிவுட். விலை 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு மணி நேரம் பேசினோம், நான் யார், என் குடும்பம் எது, நாங்கள் எங்கே வளர்ந்தோம் என்று ஒரு கேள்விகூட வரவில்லை. அந்த ஆல்பத்தில் இருந்த பெண்களின் முகத்தை எடுத்துவிட்டு என் முகத்தை ஒட்டினாலும் அதே படம்தான் வரும் என்று தோன்றியது. முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிட்டோம்.

இந்தக் குழுவை முதலில் பார்த்தது தேக்கா சந்தையின் உணவுக்கடைப் பகுதியில். தே தாரிக் (ஆற்றிய பால் டீ) வந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, “வீட்டில் பழைய போட்டோ ஏதாவது இருக்கா?” என்பதுதான். போனில் இருந்ததைக் காட்டினேன். தாத்தா காக்கிச் சீருடையில் ஒரு பிளாட்பாரத்தில் நிற்கிறார், தோளில் சைக்கிள் சக்கரம் அளவுக்கு ஒரு வளையம், அதன் அடியில் ஒரு தோல் பை. “இது என்ன வளையம்?” என்று அண்ணன் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. அங்கிருந்தே பாட்டிக்குப் போன் போட்டோம்.

தாத்தா மலாயன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், அதாவது வண்டிக்குத் தண்டவாளத்தை மாற்றிவிடுபவர். சிங்கப்பூருக்குள் ஓடியது ஒற்றைத் தண்டவாளம், எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இரும்புச் சாவி, அதைத்தான் டோக்கன் என்பார்கள். அந்தச் சாவி கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் வண்டியை விட முடியாது. வண்டியை நிறுத்தாமலே கொடுத்து வாங்குவதற்காகச் சாவியைத் தோல் பையில் போட்டுப் பெரிய வளையத்தில் மாட்டியிருப்பார்கள். புக்கிட் தீமா நிலையத்தில் இந்தப் பழக்கம் 2011 வரை இருந்தது. பாட்டி இதையெல்லாம் போனில் சொல்லி முடித்தபோது அண்ணன் டிஷ்யூ காகிதத்தில் படம் வரைந்துகொண்டிருந்தார். ஒரு பெண், ஓர் ஆண், நடுவில் வளையம். “மாலை மாற்றுவதற்குப் பதிலா இதை மாத்திக்கலாமா?” என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். தீம் முடிவானது அப்படித்தான்.

இடத்துக்கு முதலில் நினைத்தது தஞ்சோங் பகார் பழைய நிலையத்தை. 1932இல் திறந்த அந்தக் கட்டடத்தின் முகப்பில் நிற்கும் நான்கு பெரிய சிலைகளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் எம்ஆர்டி (நகர ரயில்) வேலைக்காக அதை 2016 கடைசியில் மூடிவிட்டார்கள், அங்கே எடுப்பது நடக்காது என்று அண்ணன் நேராகச் சொல்லிவிட்டார். புக்கிட் தீமாவே சரி என்றோம். யோசித்தால் அதுதான் எங்களுக்கு இன்னும் பொருத்தம். 2011 ஜூன் 30 இரவு இந்தப் பாதையின் கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார் இல்லையா, அப்போது எனக்கு 14 வயது, அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கூட்டத்தில் நிறுத்தியிருந்தார். வண்டி கடந்து போனதும் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

நிலையத்தைப் புதுப்பித்து 2022இல் மறுபடி திறந்தார்கள். பெயர்ப்பலகை இருக்கிறது, பிளாட்பாரம் இருக்கிறது, ஒரு துண்டு தண்டவாளமும் இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் சாலைக்கு மேலே அந்தக் கறுப்பு இரும்புப் பாலம். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கி நடந்துவிடலாம். பழைய தண்டவாளம் ஓடிய பாதையான ரயில் காரிடார் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் இருப்பதால், எத்தனை பேர் வருகிறோம், என்ன சாமான் கொண்டுவருகிறோம் என்றெல்லாம் குழுவே முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டது. எனக்கு அந்த அலைச்சல் துளியும் இல்லை.

இப்போது உடை. இதைப் பற்றி அக்காவுக்கே தனியாக ஒரு பதிவு எழுதலாம். ரயில்வேயின் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி இரண்டிலிருந்தும் நிறத்தை எடுத்தார். பச்சை உடலில் அரக்குச் சிவப்புக் கரை வைத்த காஞ்சிப் பட்டு, கோர்வைக் கரை, அதாவது உடலும் கரையும் தனித்தனி நூலில் ஓடி, சேரும் இடத்தில் கோத்து நெய்தது. அதனால் பச்சை முடிந்து சிவப்பு தொடங்கும் இடம் ஒரே கோடாக, கத்தியால் வெட்டியது மாதிரி தெரியும். புடவை என்னுடையதுதான். ரவிக்கைதான் புதுசு: காக்கித் துணி, சட்டைக் காலர், இரண்டு பக்கமும் மூடி வைத்த பை, பித்தளைப் பொத்தான். ஒட்டியாணத்துக்குப் பதில் பித்தளை பக்கிள் வைத்த அகலமான காக்கி பெல்ட். பின்னலில் ஜடைப் பில்லைக்குப் பதில் மேலிருந்து கீழே ஒன்பது பித்தளைப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மல்லிகைச் சரம். காலில் கறுப்பு பூட்ஸ்.

அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கல்யாணப் பெண்ணுக்குக் காக்கியா என்று கேட்டார். தேக்கா மாடியில் தைத்துக்கொடுத்த அண்ணனும் அதையேதான் கேட்டார், இரண்டு முறை, அளவு எடுக்கும்போது ஒரு தடவை, துணியை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை. அக்கா வீட்டுக்கே வந்து அம்மாவிடம் அந்தப் பழைய போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டி, “உங்க அப்பா போட்டிருக்கிற அதே காலர்தான்மா இது” என்றார். அம்மா படத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே போய் தாத்தாவின் சீருடைப் பொத்தான் நான்கை ஒரு மைலோ டின்னிலிருந்து எடுத்து வந்தார். ரவிக்கையில் இருப்பது அந்த நான்குதான்.

பாட்டியின் கல்யாணக் கூறைப் புடவையையும் உடுத்த ஆசைப்பட்டேன். மயிலாடுதுறைப் பக்கம் கூறைநாட்டில் நெய்தது, பட்டும் பருத்தியும் கலந்த சிவப்புக் கட்டம். அக்கா அதை மெத்தையில் விரித்து, விரலால்கூட இழுக்காமல், மடிப்பு விழுந்த இடங்களை மட்டும் வெளிச்சத்தில் பார்த்தார். மடிப்பு நெடுக இழை விட்டிருந்தது. “இதைக் கொசுவம் வச்சுக் கட்டினா கிழிஞ்சிரும், பின்னும் குத்தக் கூடாது” என்றார். மெல்லிய வலைத் துணியில் பெரிய தையலாகப் போட்டு அதன் மேல் கூறையைத் தாங்க வைத்து, பாலத்தில் எடுத்த படங்களுக்கு மட்டும் என் தோளில் சால்வை மாதிரி போட்டுவிட்டார். ஓர் இழைகூட அறுபடாமல் பாட்டியிடம் திரும்பிப் போனது. வாடகை உடையை மட்டுமே கையாண்டு பழகியவர்களிடம் இந்தப் பொறுமை கிடைக்காது.

படப்பிடிப்பு ஒரு செவ்வாய்க்கிழமை. காலை நாலரைக்கு மேக்கப், ஆறே முக்காலுக்கு நிலையத்தில். இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது, எட்டரைக்கெல்லாம் வெயில் முகத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும், ஆக நல்ல வெளிச்சம் என்பது ஒன்றரை மணி நேரம்தான். ஓடுபவர்கள், சைக்கிள்காரர்கள், நாயோடு நடப்பவர்கள் எல்லோரும் இருந்தார்கள். யாரையும் ஒதுங்கச் சொல்லக் கூடாது என்பதில் அண்ணன் உறுதியாக இருந்தார், காத்திருந்து எடுத்தார். ஒரு சீனத் தாத்தா சைக்கிளை நிறுத்திவிட்டு, இந்த வண்டியில்தான் கோலாலம்பூர் போவேன் என்று வளையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

வளையம் குழுவே செய்தது. பிரம்பை வளைத்து, சேரும் இடத்தில் தோல் சுற்றி, அடியில் பை தொங்கவிட்டிருந்தார்கள். என் வருங்காலக் கணவர் அதை மாலை பிடிப்பது போல இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். சக்கர நாற்காலியில் இருந்த பாட்டி (84 வயது, வரவே மாட்டேன் என்றவர்) பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “மாப்பிள்ளை, அப்படிப் பிடிச்சா கை போயிரும். ஒரு கையால உயரப் பிடிங்க. ஓட்டுறவர் கை அதுக்குள்ள போகணும். இறுக்காதீங்க, வண்டி நிக்காது.”

அண்ணன் கேமராவை இறக்கிவிட்டார். பாட்டி சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றினார். மாப்பிள்ளை பிளாட்பாரத்தின் ஓரத்தில் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்க, நான் வேகமாக நடந்து வந்து முழங்கை வரை கையை நுழைத்து, நிற்காமல் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பதினோரு தடவை செய்தோம். எட்டாவது தடவை எடுத்ததுதான் ஆல்பத்தின் முதல் படம்: முந்தானை பின்னால் பறக்கிறது, வளையம் என் கையில் பாதி அவர் கையில் பாதி, ஓரத்தில் மங்கலாகப் பாட்டியின் கை, இப்படி என்று காட்டிக்கொண்டிருக்கிறது.

நிறத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் கறுப்பு. வீட்டில் மாநிறம் என்பார்கள், கறுப்புதான், எனக்கு அது பிடித்த நிறம். கேமரா தானாக வெளிச்சம் கணக்கிடும்போது காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், பக்கத்தில் வெள்ளை வேட்டி நின்றால் நம் முகம் இருட்டில் மூழ்கிவிடும். அண்ணன் என் கன்னத்தை மட்டும் அளந்து வெளிச்சம் வைத்தார், வேட்டி கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை என்றார். வியர்வை பளபளக்கிறது என்று வெள்ளி ரிஃப்ளெக்டரை வைத்துவிட்டு வெள்ளைத் துணியை எடுக்கச் சொன்னார். அக்காவும் ஃபவுண்டேஷனைத் தாடை ஓரத்தில் தடவி, வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் கழுத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்தார்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, முதலில் அனுப்பிய பன்னிரண்டு படங்களில் நான் வெளுத்துப் போயிருந்தேன். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். மெருகேற்றும் வேலையை வெளியில் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள், அவர் கேட்காமலே வெளுப்பாக்கிவிட்டார். அண்ணன் சாக்குப்போக்குச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்டு, 45 படத்தையும் மறுபடி தானே உட்கார்ந்து செய்தார். அதனால் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் தாமதமாகத்தான் எல்லாம் வந்தது. தாமதம்கூட எனக்குப் பெரிதில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் படத்தை யாரிடம் கொடுத்தாலும், தோல் நிறத்தில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லி அண்ணனிடம் சொன்னேன். இப்போது சேர்த்துவிட்டார்களாம். நீங்களும் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

செலவு: குழுவுக்கு 1,950 வெள்ளி, அதில் மேக்கப், வளையம், ஆல்பம் எல்லாம் அடக்கம். ரவிக்கை தையல் 90 வெள்ளி, பெல்ட்டும் பூட்ஸும் சேர்த்து 120, பூ 35. பாட்டியை அழைத்துவர வேன் தனி.

மற்றபடி சின்னக் குறை இரண்டு. உடை மாற்ற இடம் யோசிக்காமல் வந்துவிட்டார்கள், இரண்டு பேர் போர்வை பிடிக்க நான் மாற்றினேன், பெண்ணுக்கு அது சங்கடம். பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது, பாலத்தில் நினைத்ததில் பாதிதான் எடுக்க முடிந்தது. மழைக்கு மாற்று நாள் இலவசம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் வேண்டாம் என்றோம்.

எடுப்பதாக இருந்தால் வார நாளில் எடுங்கள், சனி ஞாயிறில் பாலத்தில் கூட்டம் தாங்காது. குறைந்தது இரண்டு மாதம் முன்னால் பேசிவிடுங்கள், தையலுக்கே மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் அவர்களைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் பழைய படங்களையும், முடிந்தால் வீட்டில் மூத்தவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.