41,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய பழைய பென்ஸ்: இ250 டீசலுடன் பன்னிரண்டு ஆண்டுகள்

2013 ஆடி மாதம், ஒரே வாரத்தில் இரண்டு பழைய பென்ஸ் கார்களைப் பார்த்தேன். இரண்டும் 1996 மாடல் இ250 டீசல். விவரம் தெரிந்தவர்கள் ‘டபிள்யூ124’ என்று சொல்கிற பெட்டி வடிவ வண்டி. முதலாவது ஈரோட்டில் ஒரு டாக்டருடையது. 1,68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பானெட்டில் பெயிண்ட் வெளுத்திருந்தது, டிரைவர் சீட்டின் ஓரம் கிழிந்து தைத்திருந்தது. கூடவே ஒரு தடித்த ஃபைல், தேதிவாரியாக அடுக்கிய பில்களோடு. இரண்டாவது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டு ஷெட்டில் துணி உறைக்குள் நின்றது. உறையை இழுத்ததும் கருநீலப் பெயிண்டில் என் முகம் தெரிந்தது. மீட்டரில் 41,000. டயரில் பட்டன் தேயாமல் அப்படியே இருந்தது. விலை மட்டும் ஈரோட்டு வண்டியைவிட 40,000 ரூபாய் கூடுதல்.

ஆடியில் வண்டி வாங்க வேண்டாம் என்று அம்மா சொன்னதால் ஆவணி பிறக்கும்வரை பொறுத்திருந்து, 2,80,000 கொடுத்து பொள்ளாச்சி வண்டியை எடுத்து வந்தேன். இன்று மீட்டர் 1,57,000. இந்தக் காரை நான் விற்கப்போவதில்லை. ஆனால் அன்று எடுத்திருக்க வேண்டியது ஈரோட்டு வண்டியைத்தான். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். டபிள்யூ124 ஜெர்மனியில் அறிமுகமானது 1984 கடைசியில். பென்ஸின் வடிவமைப்பாளர் புரூனோ சாக்கோ தலைமையில் வடிவமைத்தது. பென்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1994-ல், டெல்கோவுடன் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டு சேர்ந்து. 1995 முதல் புனேயில் அவர்கள் பாகங்களைப் பூட்டித் தயாரித்த முதல் கார் இதுதான். என்னுடையதில் இருப்பது 2,497 சிசி, ஐந்து சிலிண்டர், 20 வால்வு டீசல் இன்ஜின். டர்போ கிடையாது, 113 குதிரைத்திறன். இன்றைய சின்ன டீசல் கார்கூட சிக்னலில் இதை முந்திப் போய்விடும். ஆனால் அவ்வப்போது மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் என்ற ஒன்றே இல்லை, செயின்தான். எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் இன்ஜினைத் திறக்கவே வேண்டாம். நானும் இதுவரை திறக்கவில்லை.

ஓட்டும் சுகத்தைச் சொல்லாமல் விட முடியாது. பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தனித்தனி இணைப்புகள் பிடித்திருக்கின்றன. 1982-ல் பென்ஸ் 190-ல் முதலில் வந்த அமைப்பு அது. வால்பாறை ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் பின்பக்கம் எங்கே போகிறது என்று இடுப்பால் உணரலாம். சென்னைக்கு 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கினால் முதுகு வலிக்காது. கதவைச் சாத்தும் சத்தத்துக்காகவே என் மகள் சின்ன வயதில் இரண்டு முறை சாத்துவாள். முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். அது உள்ளும் வெளியும் நீண்டு சுருங்கி, மேல் மூலைவரை துடைத்துவிடும். வருஷம் ஒருமுறை அதன் பல்சக்கரப் பெட்டியைத் திறந்து கிரீஸ் வைத்தால் போதும். மழைக்காலத்தில் பாலக்காட்டுச் சாலையில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது இன்றும் எனக்குப் பிடிக்கும்.

சரி, கஷ்டத்துக்கு வருவோம்.

வாங்கி மூன்றாவது வாரம், காலையில் வண்டி எடுக்கவில்லை. செல்ஃப் பத்து பன்னிரண்டு விநாடி சுற்றிய பிறகு புகையைக் கக்கி உயிர் வந்தது. ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. நகரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்ப் போய்விட்டது, கழற்றி ஓவர்ஹால் செய்ய 65,000 ஆகும் என்றார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தது ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

மனசு ஒப்பவில்லை. நான் பம்ப் உதிரிபாகம் செய்கிற சின்னப் பட்டறை நடத்துகிறவன். 41,000 ஓடிய இன்ஜினில் பம்ப் தேய்ந்திருக்கும் என்பதை நம்ப முடியவில்லை. சிங்காநல்லூரில் பழைய டீசல் வண்டி மட்டும் பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணனைத் தேடிப்போனேன். அவர் சாயங்காலம் வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, “நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு வாங்க, அதுவரைக்கும் சாவியத் தொட மாட்டனுங்க” என்றார். போனேன். டார்ச்சை என் கையில் கொடுத்து, டீசல் ஃபில்டர் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். இந்த இன்ஜினில் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் போகிற சின்னக் குழாய்கள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். உள்ளே டீசல் தேன் நிறத்தில் தெரியும். ஒரு குழாயில் டீசலே இல்லை, பாதிவரை காலி. அவர் செல்ஃப் அடித்ததும் குமிழ் குமிழாகக் காற்று ஓடியது. அப்புறம்தான் டீசல் நிரம்பியது, வண்டி பிடித்தது.

குழாயின் முனையில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தது. இரவெல்லாம் அதன் வழியாகக் காற்று நுழைந்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. அவர் ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொன்னார். காய்ந்த மிளகாய்க் காம்புபோல முறிந்தது. “ஓடித் தேஞ்சதில்லீங்க இது. நின்னே செத்துப்போச்சு.” எல்லா ஓ-ரிங்கும் இரண்டு குழாயும் மாற்ற, கூலி சேர்த்து 2,300 ரூபாய். 65,000 சொன்ன இடத்துக்கு அதன் பிறகு நான் போகவில்லை.

‘நின்னே செத்துப்போச்சு’ என்ற அந்த ஒரு வாக்கியம்தான் அடுத்த இரண்டு வருஷக் கதையும். டீசல் அதிர்வைத் தாங்குகிற இன்ஜின் மவுண்டிங்குக்குள் எண்ணெய் இருக்கும். இரண்டும் வெடித்து உட்கார்ந்திருந்தன. புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்னும் பின்னும் இருக்கிற ரப்பர் தட்டுகளில் போல்ட் ஓட்டையைச் சுற்றி வெடிப்பு. லோயர் ஆர்ம் புஷ், பின்பக்க சப்ஃபிரேம் புஷ் நான்கு, பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ் என்று ரப்பர் சாமான் எல்லாம் போயிருந்தன. கதவுப் பூட்டுகள் காற்றால் இயங்குபவை. பின் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன பம்ப் இருக்கும். பூட்டியதும் உடனே அடங்க வேண்டிய அது அரை நிமிஷம் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. ஒரு கதவுக்குள் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. நான் பார்த்து மகிழ்ந்த டயரின் பக்கவாட்டில் 2304 என்று அச்சிட்டிருந்ததை வாங்கும்போது கவனிக்கவில்லை. 2004-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். பட்டன் புதிதாக இருந்தும் ஒன்பது வருஷப் பழைய ரப்பர். நான்கையும் மாற்றினேன். கடைசியில் ஏசி. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கசிந்தது, அதற்காக டாஷ்போர்டை முழுக்க இறக்கினார்கள். நான்கு நாள் வேலை, 38,000 ரூபாய்.

முதல் இரண்டு வருஷத்தில் மொத்தம் 2,65,000 செலவு. கிட்டத்தட்ட இன்னொரு வண்டியின் விலை. இதில் இரும்பு தேய்ந்து மாற்றியது என்று எதுவுமே இல்லை. ஈரோட்டு டாக்டரின் ஃபைலில் இதே சாமான்கள்தான் பில்லாக இருந்தன: மவுண்டிங், ரப்பர் தட்டு, புஷ், கூலிங் காயில். அவர் செலவழித்து முடித்துவிட்ட பணத்தை நான் வேலைக்காகாத தாளாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பதினைந்து வருஷம் தாண்டிய காரில் மீட்டர் குறைவாக இருந்தால், யாரும் இன்னும் அந்த வேலைகளைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

2016-க்குப் பிறகு வண்டி அமைதியாகிவிட்டது. வருஷத்துக்குச் செலவு சராசரி 30,000 முதல் 35,000 ரூபாய் வரை. 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில், கூலன்டில் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கிடையாது. மைலேஜ் ஊருக்குள் 10, வெளியூரில் 13 தருகிறது. ஒரு தடவைகூட நடுவழியில் நின்றதில்லை.

நடுவில் ஒரே ஒரு வேலையில் மட்டும் எனக்கு உதறல் எடுத்தது. 2019-ல், குளிர்ந்த இன்ஜின் எடுப்பதற்குச் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் மாற்ற வேண்டி வந்தது. ஐந்தும் மேனிஃபோல்டுக்கு அடியில், ஹெட்டுக்குள் இறங்கியிருக்கும். பல வருஷக் கரி பிடித்து இறுகியிருப்பதால், அவசரப்பட்டு முறுக்கினால் உள்ளேயே முறியும். முறிந்தால் ஹெட்டைக் கழற்றுவதில் போய் முடியலாம். அண்ணன் மூன்று நாள் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டார். நான்காம் நாள் அவிநாசிவரை போய்வரச் சொல்லி, சூடு ஆறுவதற்குள் மேனிஃபோல்டை இறக்கினார். ஸ்பானரை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம் ஒரு மயிரிழை. அப்படியே முன்னும் பின்னும். நான்கு வந்துவிட்டன. ஐந்தாவது கிறீச்சிட்டது. உடனே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, “இன்னைக்கு இது வராதுங்க” என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, மறுபடி சூடாக்கி, இரண்டு நாள் கழித்து அதை முழுசாக வெளியே எடுத்தார். அந்தப் பொறுமைக்கு எந்தக் கூலியும் ஈடாகாது. பழைய ஜெர்மன் கார் வாங்குகிறவர்கள் இப்படிப்பட்ட ஒரு கையைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் காரைத் தேடுங்கள்.

சாமான் விஷயம் பயப்படும் அளவுக்கு இல்லை. பென்ஸ் பார்ட் நம்பரில் ‘ஏ’ எழுத்துக்கு அடுத்த மூன்று இலக்கம், பெரும்பாலும் அந்தச் சாமான் முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். என் காரின் சில சாமான்கள் 201 என்று தொடங்கும், அதாவது பழைய 190-ன் சாமான். அதைத் தெரிந்து தேடினால் கிடைக்கும் வாய்ப்பு கூடும். லெம்ஃபோர்டர், சாக்ஸ், பாஷ் போன்ற கம்பெனிகளின் சாமான் வாங்குகிறேன். ரப்பரில் மட்டும் மலிவானதைத் தொடுவதில்லை. பெயர் இல்லாத பெட்டியில் வந்த ஒரு ரப்பர் தட்டை ஒருமுறை போட்டு, எட்டே மாதத்தில் திரும்பக் கழற்றினேன்.

மற்ற மாடல்களைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் கருத்து: 1990களின் முதல் பாதியில் வந்த பெட்ரோல் டபிள்யூ124 என்றால், இன்ஜின் வயரிங் மாற்றிய பில்லை முதலில் கேளுங்கள். அந்த வருஷங்களில் போட்ட வயர் உறை சூட்டில் நொறுங்கும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்தது. 1998-ல் வந்த எஸ் கிளாஸ் டபிள்யூ220 இப்போது மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அது காற்றுப் பைகளின் மேல் நிற்கிற கார். காலையில் ஒரு பக்கம் படுத்திருந்தால் பர்ஸைத் திறக்க வேண்டியதுதான். 2006-க்கு முந்தைய இ கிளாஸ் டபிள்யூ211-ல் பிரேக்கே மின்னணு முறையில் இயங்கும், அந்த யூனிட்டுக்கு ஆயுள் கணக்கு உண்டு. பிஎம்டபிள்யூவில் 2007 முதல் 2011 வரையிலான என்47 டீசல் இன்ஜினின் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால், செயின் மாற்றுவதே பெரிய வேலை. டெல்லியில் பத்து வருஷ டீசல் கார்களுக்குத் தடை என்று தீர்ப்பு வந்த பிறகு அங்கிருந்து பளபளப்பான வண்டிகள் இங்கே வருகின்றன. என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு பாதியாகக் கரைந்துவிடும்.

இவ்வளவு பழைய காருக்கு ஆர்.சி. புதுப்பிப்பு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. 2021-ல் எனக்குக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025-ல் இருபது வருஷம் கடந்த கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். எனக்கு அடுத்த முறை 2026-ல். அதற்கு முன்னால் பின்பக்க ரப்பர் தட்டை மாற்றச் சொல்லியிருக்கிறார் அண்ணன். 2014-ல் போட்டது, விரலால் தடவினால் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது. புதியது வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்ததும் முதலில் தேதியைத்தான் பார்த்தேன்.