மூன்று ஆண்டுகள், ஒரு இருநோக்கி, ஒரு செயலி: பெம்-தே-வியை அடையாளம் கண்ட அனுபவம்

சாவோ பாவ்லோவுக்குக் குடிவந்த முதல் மாதமே 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் வில்லையும் கொண்ட இருநோக்கி ஒன்றை வாங்கினேன். குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் செயலியையும் கைபேசியில் ஏற்றினேன். இபிராபுவேரா பூங்காவில் இவை இரண்டையும் வைத்துக்கொண்டு நான் அதிகம் திணறியது, அங்கே எங்கும் காணக்கிடைக்கும் பெம்-தே-வி என்ற பறவையிடம்தான்.

மஞ்சள் வயிறு, வெள்ளைத் தொண்டை, தலையில் கறுப்பு வெள்ளைப் பட்டை. இதே கோலத்தில்தான் நெய்நெய் என்ற பறவையும் இருக்கிறது, பெந்தெவிசிஞ்ஞோ என்ற சின்னப் பறவையும் இருக்கிறது. முதல் ஆறு மாதம் மூன்றையும் பெம்-தே-வி என்றே குறித்துவைத்தேன்.

இருநோக்கியால் கிடைத்த பெரிய லாபம் அலகுதான். நெய்நெய்யின் அலகு அகன்று தடித்து, மேல்விளிம்பு வளைந்திருக்கும். பெம்-தே-வியின் அலகு நேரானது. அதன் இறக்கையிலும் வாலிலும் செம்பழுப்பு நன்றாகத் தெரியும். சின்னதற்கு அலகு குட்டை. அது சுமார் 17 சென்டிமீட்டர், பெம்-தே-வி 22. ஆனால் எதிர்வெயிலில் உயரக் கிளையில் இருக்கும் பறவையின் அளவை நம்பவே கூடாது. சின்னதன் தலையுச்சியில் உள்ள சிவப்பையும் நம்பிப் பயனில்லை. மறைந்தே இருக்கும், நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸே 1766இல் பெம்-தே-வியையும் நெய்நெய்யையும் லேனியஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார் என்று படித்தபோது மனம் ஆறியது.

குரலில் இந்தக் குழப்பம் இல்லை. போர்த்துகீசிய மொழியில் "உன்னை நன்றாகப் பார்த்தேன்" என்று பொருள்படும் தன் பெயரையே பெம்-தே-வி மூன்று அசையாகக் கத்தும். நெய்நெய் மூக்கால் இழுத்து முனகும். என் காதுக்கு இதைப் பழக்கியது செயலிதான். அதற்காகவே அதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். சாலையோரத்தில் வாகன இரைச்சல் அதைக் குழப்பிவிடும். பறவை வாய் திறக்காவிட்டால் அதனால் பயனே இல்லை.

கூடு கட்டும் காலத்தில் இரண்டு கருவிகளும் வேண்டாம். பெம்-தே-வி பக்கவாசல் வைத்துக் கூரையோடு உருண்டையாகக் கட்டும். நெய்நெய்யின் கூடு திறந்த கிண்ணம்.

இப்போதெல்லாம் செயலியைத் திறக்கும் முன் என் யூகத்தை நோட்டில் எழுதிவிடுகிறேன். நெய்நெய் தப்புவதில்லை. சின்னது பேசாமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் கேள்விக்குறிதான் போடுகிறேன்.